எங்கள் வீட்டு அரை மணித்தியாலம்

என் கணவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளில் பாதி கடிகாரத்தைப் பற்றியது. மறு பாதி அவருடைய அக்காவைப் பற்றியது. அதை எழுதினால் இந்த வயதில் இன்னொரு சண்டை வரும் என்பதால் கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் எல்லாம் அடி தெரிய வற்றி, மின்சாரத்தை மணிக்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது தொடங்கியது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பாவித்தால் மின்சாரம் மிஞ்சும் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்ல, அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது என்று தாய்மார் ஏசிய ஏச்சில், சில மாதங்களில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் பல வருடம் எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பழைய நேரம், புது நேரம் என்று ஊரில் இரண்டு நேரம் ஓடியது. கல்யாணத்துக்குச் சொல்ல வருபவரிடம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்க மாட்டோம். முகூர்த்தம் பழைய நேரமா, புது நேரமா என்றுதான் முதலில் கேட்போம்.

நான் கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். கந்தோருக்குப் புது நேரம். என் கணவர் நகரத்தில் சின்னதாக ஒரு பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பழைய நேரம்.

"ராகு காலம் என்ன கவர்மென்ட் உத்தியோகமா பாக்குது, சொன்ன ஒடனே மாறுறதுக்கு?" என்பார்.

ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்தைத் தொட விடவில்லை. கைக்கடிகாரத்தையும் மாற்றவில்லை. நான் சும்மா இருப்பேனா? என் சம்பளத்தில் ஒரு கடிகாரம் வாங்கி, நான் சமைக்கும் குசினியில் மாட்டினேன். ஹாலில் ஆறு மணி என்றால் குசினியில் ஆறரை. வந்த விருந்தாளிகள் இரண்டையும் பார்த்துவிட்டுத் தங்கள் கையையும் பார்த்துக்கொள்வார்கள். "பயப்படாதீங்க, ஹால்லருந்து குசினிக்கு வந்தா அரை மணித்தியாலம் வயசு போகும், அவ்வளவுதான்" என்று நான் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

எங்கள் வீடு நகரத்துக்கு மேலே ஒரு மலைச்சரிவில் இருந்தது. மனிதர்கள் இப்படி அடித்துக்கொள்ள, மற்ற உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. எங்கள் பூனை காலையில் மீன்காரர் சைக்கிளில் வருவதற்குச் சற்று முன்பே கேற்றடியில் போய் உட்கார்ந்துவிடும். மீன்காரர் புது நேரத்துக்கு மாறினார். பூனை ஒரு வாரம் பிந்திப் போய், வெறும் ரோட்டை மோந்து பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டியது. அடுத்த வாரம் அதுவும் மாறிவிட்டது. "பூனைக்கு இருக்கிற புத்தி..." என்று நான் தொடங்கினால் அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஆனால் அவர் பக்கமும் சாட்சிகள் இருந்தன. பேராதனைப் பூந்தோட்டத்து வௌவால்கள் அந்தியில் எங்கள் கூரைக்கு மேலே கூட்டமாகப் போகும். அவை ஒரு நாளும் புது நேரத்துக்கு மாறவில்லை. கிணற்றடியில் நின்ற அந்திமந்தாரையும் மாறவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அந்தப் பூ விரிந்த பிறகுதான் இரவுச் சோற்றுக்கு அரிசி களைவார். அவர் வீட்டிலும் கடிகாரம் இருந்தது. பூவைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார். என் கணவருக்கு அந்த அம்மாமேல் பெரிய மரியாதை.

கல்யாணமாகி வெகு காலம் எங்களுக்குப் பிள்ளையில்லை. கோயில், டொக்டர், விரதம் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்து, போதும் என்று விட்ட பிறகு மகள் வயிற்றில் தங்கினாள். கார்த்திகை மாதத் தொடக்கமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்த வருடம் அது. நல்ல மழை. கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் அறைக்குள் என்னைக் கொண்டுபோகும்போது மத்தியானம். வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி என் கணவர், கையில் பழைய நேரத்தோடு.

உள்ளே எனக்கு வாய்த்த மருத்துவிச்சி அக்குறணைக்காரர். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லோரும் எங்களுக்கு 'மிஸ்ஸி'தான். இந்த மிஸ்ஸி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்றைக்கு நோன்பு பிடித்திருந்தார். விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் வாயில் படாமல், என்னோடு சேர்ந்து அந்த அறையில் நின்றார். நான் கத்திய கத்தலைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை.

"கத்தாதீங்க மகள். கத்துற பெலத்தக் கீழ குடுங்க," என்றார். அதை எத்தனை முறை சொன்னாரோ.

பொழுது சாயும்போது மழை விட்டது. ஜன்னலுக்கு வெளியே மரங்களில் காகங்கள் அடைய வந்து ஒரே இரைச்சல். மிஸ்ஸி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார்.

"பாங்குக்கு இன்னம் கொஞ்ச நேரம்தான் ஈக்கி. ஒங்கட புள்ளயும் அந்த நேரம் பாத்துத்தான் வருது. என்ட கை ரெண்டும் வேலையில ஈக்கும். இத நீங்க வெச்சிருங்க."

என் வலது கையில் பழத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.

"விட்டுறாதீங்க. புள்ளய நான் புடிக்கிறேன். என்ட நோம்ப நீங்க புடிச்சுக்கோங்க."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொருவர் பகல் முழுவதும் பட்டினி கிடந்த நோன்பு என் கைக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முக்கினேன். பழத்தை விட்டுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் கடைசியில் இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அது முடிவதற்குள் என் மகள் வந்துவிட்டாள்.

"பொம்புளப் புள்ள. ஆறு இருவது," என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மிஸ்ஸி சொன்னார். குழந்தையை என் நெஞ்சில் வைத்துவிட்டு, இரத்தம் படிந்த கைகளைத் தூரப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"இப்ப என்ட நோம்பத் தாங்க."

கையை விரித்தேன். பழம் களியாகி உள்ளங்கை முழுதும் ஒட்டியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அவர் பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தார். ஒரு தாய் பிள்ளை பெற்றதும் முதலில் பிள்ளைக்குத்தான் ஊட்டுவாள். நான் பிள்ளை பிடித்தவருக்கு ஊட்டினேன்.

"அல்லாவே, உப்புக் கரிக்குது," என்றார் மிஸ்ஸி. என் வியர்வையில் ஊறிய பழம் வேறு எப்படி இருக்கும்? இரண்டு பேரும் சிரித்தோம். குழந்தை அழுதது.

வெளியே என் கணவருக்கு 'ஆறு இருபது' என்று செய்தி போயிற்று. அவர் ஆஸ்பத்திரி நேரத்தை அப்படியே நம்பிவிடுபவரா? கையோடு அரை மணித்தியாலத்தைக் கழித்துப் பழைய நேரமாக்கி, கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் கோயிலடியில் இருந்த வயதான சாத்திரியாரிடம் கொடுத்து ஜாதகம் எழுதுவித்தார். மஞ்சள் பூசிய அந்தக் குறிப்பைப் பார்த்தேன். பிறந்த நேரம் நாழிகைக் கணக்கில் எழுதியிருந்தது. எனக்கு நாழிகையும் தெரியாது, விநாழிகையும் தெரியாது. என் கூறைச் சேலைக்கு அடியில் அலுமாரியில் வைத்தேன். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதை யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வரும் முன்பே அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கு என் கணவர் அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. "பாத்தியா, நாடே என் நேரத்துக்கு வந்திருச்சு!" என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்குக்கூடப் போய்ச் சொன்னார். அந்த அம்மா அந்திமந்தாரையைக் காட்டிச் சிரித்தாராம். நான் கதிரையில் ஏறிக் குசினிக் கடிகாரத்தைத் திருப்பினேன். இறங்கியதும் அவரே பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். தோற்றவளுக்கு ஆறுதலாம்.

மகள் வளர்ந்து ஆசிரியையானாள். முதல் நியமனம் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். பேராதனையில் இறங்கிக் கலஹா பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் அதே பஸ்ஸுக்காக நின்ற அந்தப் பையனோடு அவளுக்குப் பேச்சு வந்திருக்காது. பையனுக்குக் கலஹாத் தபால் கந்தோரில் வேலை. ஒரு வருடம் பஸ்ஸுக்குக் காத்திருந்த பிறகு இருவரும் எங்களிடம் சொன்னார்கள். நல்ல பையன். என் கணவர் அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தன்னுடையதோடு ஒத்துப்போனது, சரி என்றார்.

பையனுடைய அம்மா பிலிமத்தலாவையில் ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறவர். பையனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே கணவரை இழந்து, கடையில் நின்றே அவனை வளர்த்து ஆளாக்கியவர். மெலிந்த உருவம், அளந்த பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்தார். பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்கு வேற ஒன்னும் வேணாங்க. சாதகம் மட்டும் பாத்துக்குவோம்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அந்த அம்மாவும் ஒரு சாத்திரியாரின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பழைய சாத்திரியார் காலமாகிவிட்டார். இவர் அவரிடம் படித்தவர். மகளின் குறிப்பை விரித்ததும் இவர் முகம் சுருங்கியது.

"பொண்ணுக்கு ஏழுல செவ்வா. பையனுக்கு இல்ல. தோசந்தான்," என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சாத்திரியார் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மேலும் படித்தார். "பகல் பொறப்பு. சூரியன் அடையறதுக்கு அரை மணித்தியாலம் முன்ன..."

"அது எப்பிடி?" என்றேன் நான். "பாங்கு சொல்லும்போது பொறந்தவ. சூரியன் அடையாம நோன்பு தொறக்கப் பாங்கு சொல்லுவாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். மிஸ்ஸி, நோன்பு, என் கையில் மூடிவைத்த பேரீச்சம்பழம், அது உப்புக் கரித்தது வரை ஒன்றும் விடவில்லை. என் கணவர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நா சரியாத்தானே குடுத்தேன்," என்றார். "ஆஸ்பத்திரியில சொன்னதுல அரை மணி கழிச்சு, பழைய நேரமாக்கித்தான் குடுத்தேன்."

சாத்திரியார் நிமிர்ந்தார். "கழிச்சீங்களா? கழிச்சிட்டேன்னு எங்க ஐயாகிட்டச் சொன்னீங்களா?"

என் கணவர் மோவாயிலிருந்து கையை எடுத்தார்.

"அந்தக் காலத்துல யாரு நேரம் கொண்டாந்து குடுத்தாலும் ஐயா தானா ஒரு அரை மணியக் கழிச்சிட்டுத்தான் எழுதுவாரு. சனங்க புது நேரத்தத்தான் கொண்டாருவாங்கன்னு."

ஆக, கவனமான மனிதர் இரண்டு பேர் சேர்ந்து என் மகளை அரை மணித்தியாலம் முன்னதாகப் பிறக்கவைத்திருந்தார்கள். ஒருவராவது என்னைப் போல அவசரக்குடுக்கையாக இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திராது. சாத்திரியார் கடதாசியில் மறுபடி கட்டம் போட்டார். அரை மணித்தியாலம் தள்ளிப் போட்டால் லக்கினம் மாறியது. ஏழில் இருந்த செவ்வாய் ஆறுக்குப் போனது. தோஷம் இல்லை.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"எனக்கும் செவ்வா இருந்திச்சுங்க. வாற மாப்புள்ள எல்லாம் போயிரும்னு எங்கப்பா ஒரு ஆளப் புடிச்சு, பொறந்த நேரத்தத் தள்ளி வேற சாதகம் எழுத வச்சாரு. எனக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரரு போன பொறகு செத்த வீட்டுல எங்கம்மா தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க. அன்னையிலருந்து, நாந்தான் அவர முழுங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன். இன்னொரு தடவ நேரத்தத் தள்ளி எழுதுன சாதகத்த வச்சு எம்புள்ளைக்கிக் கட்டி வைக்க என்னால ஏலாது."

செவ்வாய்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன்.  தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே இருபது வருடமாக ஒரு பெண் கடையில் பருப்பு நிறுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் போய் எதை வாதாடுவது?

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்த பையன் சொன்னான், பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், அம்மா பிறகு சமாதானமாகிவிடுவார் என்று. மகள் மாட்டேன் என்றாள்.

"அவரு வேலையால வாறதுக்கு அஞ்சு நிமிசம் பிந்தினாலும் அவங்க வாசல்ல வந்து நிப்பாங்கம்மா. ஒவ்வொரு நாளும் நிப்பாங்க. நா அதப் பாத்துக்கிட்டு அந்த வீட்டுல எப்பிடிச் சோறு திங்கறது? அவங்களுக்குப் பயம் போகாட்டி எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழும் சத்தம் கேட்கக் கூடாது என்று ரேடியோவைக் கூட்டி வைத்தாள். எனக்கா தெரியாது? என் கணவர் ஹாலில் தன் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்த, 'கழிச்சிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிறந்த நேரம் எழுதியிருந்த என் கிளினிக் அட்டையைக் கறையான் தின்று வெகு நாளாகிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"நீங்க கந்தோர்ல வேல செஞ்சவங்க. ஒங்களுக்கு ஒரு துண்டு எழுதி வாங்குறது பெரிய வேலையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடதாசியை அவர் இனி நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

"அப்ப அந்த மிஸ்ஸிகிட்டயே போவோம். அக்குறணையில கேட்டா காட்டுவாங்க."

கடையில் யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "போவோம். ஆனா நாந்தான் கேப்பேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது. ஒரு சாடையும் காட்டக் கூடாது. சம்மதமா?"

என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று விளங்கும். சம்மதம் என்றேன்.

கண்டியில் மாத்தளை பஸ் ஏறினோம். வழி முழுதும் அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்குறணையில் இறங்கி ஒரு புடவைக் கடையில் விசாரித்தோம். கண்டி ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்றதும் கடைக்காரர் வெளியே வந்து, "நானும் அவங்கட கையில பொறந்தவன்தான்" என்று பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையைக் காட்டினார்.  இந்த மனுசியின் கைக்குள் வந்த பிள்ளைகள் ஓர் ஊருக்குக் காணும். என்னை எங்கே நினைவிருக்கப் போகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

மிஸ்ஸி நன்றாக வயதாகியிருந்தார். முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு கதிரையில் இருந்தார். முகம் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு உடனே ஓடிப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"இவங்க ஒங்ககிட்டத்தான் புள்ள பெத்தாங்களாம்," என்று அந்த அம்மா தொடங்கினார். "பொம்பளப் புள்ள. இருவது வருசத்துக்கு மேல."

மிஸ்ஸி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "அப்பிடியா? புள்ள சொகமா ஈக்குதா?"

நான் தலையை ஆட்டினேன். அதுவும் சாடையாகிவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தினேன்.

"ஒங்களுக்கு இவங்கள ஞாபகம் இருக்கா?"

"பொய் செல்லேலா மகள். எத்தின புள்ள, எத்தின தாய். மொகம் ஞாவகமில்ல."

"புள்ள பொறந்த நேரம்?"

மிஸ்ஸி சிரித்தார். "நேரம் அங்க கொப்பியில எழுதுற. எழுதின பொறகு மனசுல வெச்சுக்கிறல்ல. வெச்சா அடுத்த புள்ளக்கி எடமில்லாமப் போகும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மிஸ்ஸியின் மருமகள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. அந்த அம்மா கும்பிட்டுவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. மகள் ரேடியோவைக் கூட்டி வைத்துப் படுத்திருந்ததுதான் நினைவில் நின்றது.

வாசற்படியில் செருப்பைப் போடப் போன அந்த அம்மா நின்றார். என் முகத்தைப் பார்த்தாரோ, என்ன நினைத்தாரோ, தெரியவில்லை. திரும்பி உள்ளே வந்தார்.

"இன்னொன்னு கேக்கணும். நோன்பு காலத்துல நீங்க வேலையில நிக்கிறீங்க. பாங்கு சொல்ற அதே நேரத்துல ஒரு புள்ள பொறக்குதுன்னு வைங்க. நீங்க எப்பிடி நோன்பு தொறப்பீங்க?"

மிஸ்ஸியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அத ஏன் கேக்குறீங்க! கை ரெண்டும் வேலையில ஈக்குமே. அதனால ஒரு பேரீச்சம்பழத்தத் தாய்ட கையில வெச்சு மூடிருவேன். விட்டுறாதீங்க, என்ட நோம்பு ஒங்கட கையில ஈக்கின்னு செல்லுவேன். அதப் புடிச்சிக்கிட்டு நல்லா முக்குவாங்க. அவங்களுக்கும் வலி மறந்துரும். சரியா மஃரிப் பாங்கு நேரத்துல வாய்க்கணுமே, என்ட சர்விஸுக்கே நாலஞ்சு பேருக்குத்தான் அப்பிடி வெச்சிருப்பேன்." அவர் தனக்குள் சிரித்தார். "ஒரு தமிழ்ப் புள்ள ஈந்தா. பழத்தப் பெசஞ்சு களியாக்கிட்டா. அவளே ஊட்டி உட்டா. வேர்வையில ஊறி ஒரே உப்பு. என்ட வயசுக்கு உப்புப் பேரீச்சம்பழம் தின்டது அன்டைக்கு மட்டும்தான்."

அந்த அம்மா நின்ற இடத்திலேயே கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவருக்குள்ளே எவ்வளவு காலமாக அடைந்து கிடந்ததோ, சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. மிஸ்ஸி பதறிப்போய் அவரைப் பார்த்தார், மூலையில் அழுதுகொண்டு நின்ற என்னையும் பார்த்தார். அவர் பார்வை என்னிடமே நின்றது.

"மகள்... அது நீங்களா?"

நான் கொடுத்த வாக்கை மீறவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தேன். பேசலாமா என்று கண்ணால்தான் கேட்டேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசுங்க சம்மந்தி," என்றார்.

பிறந்த நாளிலிருந்து ஓயாத என் வாய்க்கு அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. மிஸ்ஸியின் கதிரையருகே போய் உட்கார்ந்து, வலது கையை விரித்து அவரிடம் நீட்டினேன்.